கடலடி வடம்

தொலைவிலுள்ள ஊர்களின் கணினிகளைப் பிணைப்பது விரிபரப்பு வலையமைப்பு. நிலவழியே அதனை அமைத்தல் எளிது; கடல் குறுக்கிடின் அரிது. அந்தமான் நிக்கோபார்த் தீவினர் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர். அது நிற்பதோ ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். வினா மேலேறிக் கீழிறங்கக் கால் நொடி. விடை மீளவும் அத்துணையே. அரை நொடிதானே என்பீர்! ஒருவர் சொல் முடிந்ததோ என்றறியாமல் மற்றவர் இடைபுகும் உரையாடலை எண்ணிப் பாருங்கள். அன்றியும் அவ்வழி குறுகியது. பலர் ஒருங்கே புகின் நெரிசலுறும்.

சென்னையிலிருந்து அத்தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழை வடம் கடலடியில் இடப்பெற்று, 2020 ஆகஸ்டு 10 ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது. மயிரிழையொத்த கண்ணாடியினூடே ஒளியே தூது செல்கிறது. நொடியில் நூற்றிலொரு பங்கிற்குள் தீவின் தலைநகரை எட்டுகிறது. நெடுவழியில் ஒளி மங்குமாதலின் இடையிடையே அதற்கு வலுவூட்டும் கருவிகளும் உண்டு. நங்கூரம் பட்டு வடம் அறுமாயின், கப்பலொன்று சென்று அதனை மேலே எடுத்து ஒட்ட வேண்டும். அதுகாறும் பழைய செயற்கைக்கோளே துணை.