பதினாறுநிலை எண்ணில் ஓர் ஊர்ப்பெயர்

நீலகிரியில் சோலைக்காடுகள் சூழ அமைந்த சிற்றூர் அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை பதிவானமையால் நாடறிந்த ஊர். இப்பெயரைக் கணிப்பொறி எவ்வாறு சேமிக்கிறது, அதனைச் 'சி' மொழியில் எவ்வாறு அச்சிட்டுக் காண்பது என்பதே இப்பாடம்.

எழுத்தும் பைட்டும்

இலக்கணப்படி இச்சொல்லில் எழுத்துகள் ஐந்து: அ, வ, லா, ஞ், சி. யூனிகோடு முறையோ துணைக்கால், புள்ளி, இகரக் குறி ஆகியவற்றைத் தனித்தனியே கொள்வதால் குறிகள் எட்டாகின்றன. மெய் புள்ளி பெறும் என்னும் தொல்காப்பியர் கருத்தை அறிந்தோர்க்கு இது புதுமையன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். ஆக 24 பைட்டுகள்.

பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை. பதினாறுநிலையில் இதனை இரண்டே இலக்கங்களில் எழுதலாம். 10 முதல் 15 வரை ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்பன இலக்கங்களாகும். அகரத்தின் பைட்டுகள் 224, 174, 133. அவை 'ஈ0 ஏஈ 85' என வரும்.

அச்சிடும் முறை

பைட்டு அணியின் உறுப்புகளை மடக்கின்வழி ஒவ்வொன்றாக 'பிரிண்ட்எஃப்' செயற்கூற்றுக்கு அளித்தல் வேண்டும். வடிவக் குறிப்பு: விழுக்காட்டுக் குறி, 0, 2, பெரிய எக்ஸ். இரண்டு என்பது அகலம். குறையும் இடத்தைச் சுழியத்தால் நிரப்புக என்பது 0. இவ்விரண்டும் இன்றேல், வரிமுடிவுக் குறியாகிய '0ஏ' வெறும் 'ஏ' ஆகும். அடுத்து 'ஈ0' வரின் 'ஏஈ0' என ஒட்டி நின்று, 'ஏஈ' என்னும் வேறொரு பைட்டாக மயங்கும்.

மற்றொரு குறை தமிழர்க்கே உரியது போன்றது. பல கணிப்பொறிகளில் 'கேர்' வகை குறியுடையது. 127ஐ மிஞ்சிய பைட்டை எதிர்ம எண்ணாகக் கொள்ளும். அது 32 பிட்டு முழு எண்ணாக விரியும்போது 'ஈ0'வின் முன் ஆறு எஃப்கள் சேரும். ஆங்கில எழுத்துகள் யாவும் 128க்குக் கீழ்ப்பட்டவை. ஆதலின் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரல் பழுதின்றித் தோன்றும். தமிழ்ப் பைட்டு ஒவ்வொன்றும் 128 அல்லது அதற்கு மேற்பட்டது. தமிழ் வந்ததும் பழுது வெளிப்படும். அணியை 'அன்சைன்டு கேர்' என அறிவித்தலே தீர்வு.

விடையை வேறோர் அணியில் சேமிப்பின் 48 இலக்கங்களுக்கும் இறுதிச் சுழியத்துக்குமாக 49 இடங்கள் வேண்டும்.

பயன்

பழைய கட்டுரைக் கோப்பொன்று திரையில் சிதைந்து தோன்றினால் உடனே அழித்துவிடலாகாது. அச்சிட்டுப் பார்க்க 'ஈ0 ஏஈ', 'ஈ0 ஏஎஃப்' எனத் தொடங்கும் மும்மூன்று பைட்டுகள் தென்படின் தமிழ் நலமே உள்ளது. காட்டும் மென்பொருளின் அமைப்பை மாற்றினால் போதும். அவை தென்படாவிடின் டிஸ்கி, தாப் போன்ற முந்தைய குறியீடாக இருக்கலாம்; உரிய மாற்றியால் மீட்கலாம்.

பயிற்சி: நும் ஊர்ப்பெயரின் எழுத்து, குறி, பைட்டு ஆகியவற்றை முதலில் கையால் எண்ணுக, பின்னர் நிரலால் சரிபார்க்க.