புதிய பேராசிரியரின் ஆராய்ச்சிப் பின்னணியைப் படிப்பது எப்படி?

ஆடி பிறந்தால் நம் பொறியியல் துறைகளின் அறிவிப்புப் பலகையில் புதுப் பெயர்கள் ஏறுகின்றன. (ஆடியில் எதையும் தொடங்கலாகாது என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வது துறைத் தலைவர்கள் காதில் விழுவதில்லை போலும்.) பெயர், பட்டம், பட்டம் தந்த பல்கலைக் கழகம், ஆராய்ச்சிப் பொருள் என்று நான்கே வரிகள். அவற்றைப் படித்துவிட்டு முதலாண்டு நண்பர்கள் என் அறைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணா, யாரிடம் சேரலாம்?” மூன்றாவது வரியில் பெரிய அயல்நாட்டுப் பெயர் ஒன்று இருந்துவிட்டால், என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிடுகிறவர்களும் உண்டு. எம்.டெக். என்றால் இரண்டாண்டு, டாக்டர் பட்டம் என்றால் ஐந்தாறு ஆண்டு, ஒருவரோடு கழிக்கப் போகிறோம். ஒரு வரியை நம்பி அதில் இறங்கலாமா? நான்காவது வரியைத்தான் நின்று படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன்.

1951-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் விமானப் பொறியியல் துறையில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் சதீஷ் தவன். லாகூரில் கணிதமும் பௌதிகமும் படித்து பி.ஏ., பிறகு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதற்கும் மேல் இயந்திரப் பொறியியலில் பி.இ. அமெரிக்கா சென்று மினசோட்டாவில் எம்.எஸ். முடித்து, கால்டெக்கில் ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியரிடம் அவ்வாண்டுதான் டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். பலகையில் எழுதினால் இவ்வளவுதான். ஆனால் அவர் கையோடு கொண்டுவந்தது வேறொன்று.

ஒரு தகட்டின்மேல் காற்று ஓடும்போது, தகட்டை ஒட்டிய மெல்லிய படலத்தில் காற்று உராய்ந்து வேகம் குறைகிறது. இந்த எல்லைப் படலத்தைப் பற்றிய கருத்தை 1904-இல் வெளியிட்டவர் ஜெர்மானியரான பிராண்டல். உராய்வு எவ்வளவு என்று தெரியாமல் விமானம் வரைய முடியாது. ஆனால் அதை அளப்பது எப்படி? படலத்துக்குள் நுண்குழாயை நுழைத்து, வேகம் மாறும் விதத்தைக் கண்டு, உராய்வைக் கணக்கிட்டு ஊகித்தார்கள். ஒலியினும் விரைந்த ஓட்டத்திலோ படலம் மிக மெல்லியது. நுழைக்கிற குழாயே ஓட்டத்தைக் கலைத்துவிடும்.

தவன் ஊகத்தை விட்டு நேரே அளக்கப் புகுந்தார். சுவரில் ஒரு சிறு துண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டு, வளைந்து கொடுக்கும் தாங்கிகளில் நிறுத்தினார். காற்று உராயும்போது துண்டு இம்மியளவு நகரும். அந்த நகர்ச்சியை மின்முறையில் அளந்தால் உராய்வு விசை தெரிந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. துண்டின் ஓரம் சுவரைவிடச் சிறிது துருத்தினாலும் அளவு கெட்டுவிடும். தாங்கி விறைப்பாக இருந்தால் துண்டு அசையாது. தளர்வாக இருந்தால் காற்றே இல்லாதபோதும் ஆடும். அவர் கற்றுவந்த வித்தை இந்தப் பாடுகளில்தான் இருக்கிறது.

அவர் வந்து சேர்ந்த துறை 1942-இல் தோன்றியது. பிராண்டலிடமே கோட்டிங்கனில் பயின்ற காட்கே தொடங்கி வைத்தது; ஆகவே நிலம் பண்பட்டிருந்தது. ஆனால் ஒலியினும் விரைந்த காற்றுச் சுரங்கம் நாட்டில் எங்கும் இல்லை. தவன் ஒன்றைக் கட்டினார். சோதனை அறையின் குறுக்களவு 1 அங்குலத்துக்கு 3 அங்குலம். அறை பெருக்கப் பெருக்க அதற்கு வேண்டிய ஆற்றலும் பெருகும். இருக்கிற வசதிக்குள் கேள்வி கேட்கத் தெரிந்தவர் செய்த வேலை அது. பின்னர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் பெங்களூரில் நிறுவி 1967-இல் இயங்கத் தொடங்கிய சுரங்கத்தின் சோதனை அறை 1.2 மீட்டர் சதுரம். பரப்பில் எழுநூறு மடங்குக்கு மேல்! அதை அமைப்பதிலும் தவனுக்குப் பங்குண்டு.

அவரிடம் சேர்ந்த மாணவருள் ஒருவர் ரொத்தம் நரசிம்மா. தகட்டின்மேல் சீராக ஓடும் காற்று ஓரிடத்தில் கொந்தளிப்பாக மாறுகிறது. அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதே இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி. கொந்தளிப்புத் திட்டுகள் தகடெங்கும் பரவலாகப் பிறப்பதில்லை, குறுகிய ஓர் இடத்தில் பிறந்து, ஓடும்போதே விரிகின்றன என்று கொண்டால் அளவுகள் பொருந்தின. 1958-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் சூத்திரம் இன்றும் டர்பைன் அலகுக் கணக்குகளில் பயன்படுகிறது. நரசிம்மா டாக்டர் பட்டத்துக்கு அமெரிக்கா சென்றது இந்த ஆய்வைச் செய்த பிறகுதான்.

புதிய பேராசிரியரிடம் சேர்வதில் ஆபத்தும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆய்வுக்கூடம் வெறும் அறையாக இருக்கும், கேட்டுக்கொள்ள மூத்த மாணவர் இருக்கமாட்டார், முதலாண்டு முழுதும் திருகாணி முறுக்குவதில் போகலாம். கையால் செய்வதில் ருசியில்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. ருசியுள்ளவர்களுக்கு அதைவிடச் சிறந்த ஆண்டு வாய்க்காது என்பேன்.

இன்னொன்று. நான்காவது வரி எப்போதும் பேராசிரியர் போகும் திசையைக் காட்டிவிடாது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் 1961-இல் விஸ்கான்சினில் டாக்டர் பட்டம் பெற்றது தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றி. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்தது. மின்பொறியியலில் ஆசிரியராக இருந்த அவர் அதன் பக்கம் திரும்பினார், 1965-இல் எம்.டெக். மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் இயல் ஒரு விருப்பப் பாடமாயிற்று. பலகையை மட்டும் படித்து, கட்டுப்பாட்டு முறை நமக்கு வேண்டாம் என்று விலகியவர் எவரேனும் இருந்தால் நஷ்டம் அவருக்கே. ஆகவே அறைக் கதவைத் தட்டி, “இப்போது தங்களுக்குப் பிடிபடாமல் இருப்பது எது, சார்?” என்று கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலோர் மகிழ்ந்து நாற்காலியைக் காட்டுவார்கள்.

அதற்கு முன் படித்துப் பழக விரும்புவோர் தவனின் உராய்வு அளவீட்டையே எடுத்துக்கொள்ளலாம். என்.ஏ.சி.ஏ. அறிக்கை, எண் 1121. இணையத்தில் காசின்றிக் கிடைக்கிறது. கருவியின் படத்தை முதலில் பாருங்கள். சமன்பாடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.