கண் ஆபரேஷனுக்குப் பயப்படுபவரை அழைத்துப் போகிறீர்களா?

“முழுசா மயக்கம் குடுத்துடுங்க டாக்டர்” என்று கேட்பவர்கள் அதிகம். கண்புரை ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. சொட்டு மருந்தோ ஊசியோ போட்டுக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். பதற்றம் தணிய மிடாசோலம் போன்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஏற்றுவார்கள். ஆள் அமைதியாக இருக்க வேண்டும், ஆனால் தூங்கிவிடக் கூடாது. தூங்கியவர் குறட்டை விட்டால் தலை அசையும். திடுக்கிட்டு விழித்தால் எழுந்திருக்கப் பார்ப்பார். கண்ணுக்குள் கருவி இருக்கும் நேரம் அது.

அதனால் பயத்தைத் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூடவே சொல்ல வேண்டியவை: மூச்சிரைப்பு, விடாத இருமல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, தூக்க மாத்திரை, குடி. குடியைத்தான் வீட்டார் மறைப்பார்கள். மருந்தின் அளவே அதைப் பொறுத்து மாறும். வீட்டில் ஒரு நாள் அரை மணி நேரம் மல்லாந்து படுக்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முட்டினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தச் சிக்கலுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து தீர்வல்ல, சில சமயம் மோசமாக்கும்.

அன்று காலை: பதற்றம் தணிக்கும் மருந்து உண்டென்றால் பொதுவாக 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, 2 மணி நேரம் தண்ணீர் கூடாது. பால் காபி தண்ணீர்க் கணக்கில் சேராது! சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை என்ன செய்வதென்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிடட்டும்.

தியேட்டரில் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார்கள், முகத்தைத் துணியால் மூடுவார்கள். வயதானவர்களுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்தைச் சிறு அளவில் கொடுத்து, சில நிமிடம் காத்திருந்து பார்த்த பிறகே தேவைப்பட்டால் அடுத்தது. “இன்னும் பயமா இருக்கு” என்றதும் ஊசி வராவிட்டால் கோபப்பட வேண்டாம். நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். பலருக்கு அதுவே போதும். இருமல் வருகிறதென்றால் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையை முகத்தருகே கொண்டுபோகவே கூடாது.

முடிந்ததும் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதோ பத்திரத்தில் கையெழுத்திடுவதோ வேண்டாம். மிடாசோலம் நினைவை மங்கச் செய்யும். நர்ஸ் சொல்லும்போது நீங்கள் அழைத்துப் போனவர் தலையாட்டுவார், வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நினைவிருக்காது. ஆகவே எந்தச் சொட்டு எத்தனை வேளை என்பதை நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.