சாந்த்ராகாச்சியில் இறங்கப் போகிறீர்களா?

வேலைக்கோ படிப்புக்கோ கொல்கத்தாவுக்குக் குடிபோகிறவர்கள் கவனத்துக்கு:

● டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து போகும் சில ரயில்கள் ஹவுரா செல்லாமல் சாந்த்ராகாச்சியோடு நின்றுவிடும். இது ஹவுரா மாவட்டம். ஹூக்ளி ஆற்றைக் கடந்தால்தான் கொல்கத்தா.

● சுமை குறைவா? மின்சார ரயிலில் ஹவுரா சென்று, ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் கொல்கத்தாவின் எஸ்பிளனேடு போகலாம். மூட்டை முடிச்சு அதிகமென்றால், வித்யாசாகர் சேது பாலம் வழியாக டாக்சிதான் வசதி.

● அந்தப் பாலத்திலிருந்து சாந்த்ராகாச்சிக்கு வரும் கோனா எக்ஸ்பிரஸ்வேயில் நெரிசல் அதிகம். ஊர் திரும்பும் நாளில் முன்கூட்டியே கிளம்புங்கள்.

● வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

● நம்மூர் மளிகைக்கு, தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதிக்குப் போங்கள்.

● சாந்த்ராகாச்சி நிலையத்துக்கு அருகிலுள்ள ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். குடும்பத்தோடு அவசியம் பாருங்கள்!