டிவியில் கம்ப்யூட்டரை மாட்டினால் போர்டு போய்விடுமா?

"கம்ப்யூட்டரை டிவியில மாட்டாதீங்க, போர்டு அடிச்சிடும்." செட்டிகுளத்தில் கேட்டாலும் இதுதான், செந்துறையில் கேட்டாலும் இதுதான். டிவி, கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த வதந்திக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன். 2011 செப்டம்பரில் முதல்வராக இருந்த ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பரண்களில் இன்னமும் தூசி படிந்து கிடக்கின்றன. ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் அவற்றில் பலவும் கூடத்து டிவியில் படமும் பாட்டும் பாடமும் காட்டும். அதைச் செய்யவிடாமல் தடுப்பது இந்த ஒரு பயம்தான்.

நம்பிக்கை: கம்ப்யூட்டரின் கரண்ட் டிவிக்குள் ஏறி போர்டை எரித்துவிடும்.

எச்டிஎம்ஐ கேபிளில் மொத்தம் 19 பின்கள். 18ஆவது பின்னில் மட்டும் 5 வோல்ட் வரும், அதுவும் மில்லி ஆம்பியர் கணக்கில். படமும் ஒலியும் போகிற பின்களில் ஏறி இறங்கும் மின்னழுத்தம் அரை வோல்ட் அளவுதான். உங்கள் செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளிலும் இதே கணக்குதான். அதை மாட்டும்போது பயப்படாத நீங்கள் கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் ஏன் நடுங்குகிறீர்கள்?

"பக்கத்து வீட்டில் நிஜமாகவே போர்டு போனதே" என்பீர்கள். போயிருக்கும். அப்படி வந்த போர்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். எச்டிஎம்ஐ வாசலை ஒட்டிய ஐசி மட்டும் செத்திருக்கும், பவர் சப்ளை நன்றாக இருக்கும். டிவியைக் கொன்ற மின்சாரம் டிவியின் பவர் சப்ளை வழியாக வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அது வரும் வழிகள் மூன்று.

முதல் வழி, இரண்டு பின் அடாப்டர். இந்த வகை அடாப்டர்களுக்குள் இரைச்சலை அடக்க ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய கசிவு எப்போதும் உண்டு. மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுர்ரென்பதும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான். ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் 5 வோல்ட்டுக்குப் பழகிய ஐசியின் பின்னில் அந்தக் கசிவு முதலில் பட்டால் அது தாங்காது. இரண்டு கருவிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி கேபிளைச் செருகுகிறீர்களே, அந்த நொடியில்தான் இது நடக்கிறது.

இரண்டாவது வழி, தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி ஒயர். கம்பத்துக்குக் கம்பம் தாவி வருகிற அந்த ஒயரின் வெளிப்பின்னலுக்கு முறையான எர்த் கிடையாது. தெரு ஆம்ப்ளிஃபயருக்கு ஏதோ ஒரு வீட்டிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் அங்கே ஏற்படும் கசிவும் அந்தப் பின்னலில் ஏறும். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் இடி விழும்போது அதன் வேகமும் அதே ஒயரில்தான் ஓடிவரும். நீங்கள் மூன்று பின் கம்ப்யூட்டரை மாட்டியதும், அதுவரை போக்கிடம் இல்லாமல் நின்ற மின்சாரத்துக்கு டிவியின் எச்டிஎம்ஐ வழியாக ஒரு பாதை கிடைக்கிறது. குற்றம் கம்ப்யூட்டருடையதா, எர்த் இல்லாத ஒயருடையதா?

மூன்றாவது, நாமே செய்யும் கேடு. மூன்று பின் பிளக்கில் எர்த்துக்கான பெரிய பின்னைப் பிடுங்கிவிட்டு இரண்டு பின் ஜங்ஷன் பாக்ஸில் சொருகுகிறோம். சில வயர்மேன்கள் எர்த் ஒயரைக் குழாயில் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அதற்குக் கொஞ்சமாவது அர்த்தம் இருந்தது. இன்று வீடெல்லாம் பிவிசி குழாய். பிளாஸ்டிக்கில் எந்த எர்த் இறங்கும்? நியூட்ரலையும் எர்த்தையும் சுவிட்ச் போர்டிலேயே இணைத்துவிடுவது இதைவிடப் பெரிய குற்றம். நியூட்ரல் அறுந்தால் வீட்டில் உள்ள இரும்பு எல்லாம் ஷாக் அடிக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கம்ப்யூட்டர், டிவி இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். முதலில் எச்டிஎம்ஐ, அடுத்து கேபிள் ஒயர், கடைசியில் கரண்ட். இரண்டு கருவிகளுக்கும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுங்கள். இடி இடித்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையும் கேபிளையும் பிடுங்குங்கள். இவ்வளவுதான். இதற்கு மேல் இந்த வதந்தியை யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

மற்ற நம்பிக்கைகளை விரைவாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: படம் பார்க்கத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

விளையாட்டுக்கு வேண்டும், படத்துக்கு வேண்டாம். வீடியோவை விரிக்கும் சுற்று பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. பார்க்க வேண்டியது எந்தத் தலைமுறை என்பதை மட்டுமே. இன்டெல்லில் 7ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்இவிசி, விபி9 ஆகிய வீடியோ வடிவங்கள் இரண்டும் சிரமமின்றி ஓடும். ஏவி1 வேண்டுமென்றால் 11ஆம் தலைமுறை அல்லது என்100 போன்ற புதிய சிறு பிராசஸர். 7ஆம் தலைமுறைக்கும் முந்தைய மடிக்கணினியில் சாதாரண எச்.264 முழு எச்டி படங்கள் ஓடும். 4 ஜிபி ராம் போதும். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள், வேறு செலவு வேண்டாம்.

நம்பிக்கை: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, பழைய கம்ப்யூட்டர் இனி குப்பை.

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அதன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மை. பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் நல்ல அலுவலகக் கணினிகள் பழைய சந்தைக்கு வருகின்றன. அவற்றில் லினக்ஸ் மின்ட் அல்லது லிப்ரெலெக் இயங்குதளத்தைப் போடலாம், இரண்டும் இலவசம். டிவிக்கென்றே உருவான 'கோடி' (Kodi) என்ற மென்பொருளைத் தமிழிலேயே பயன்படுத்தலாம். பழைய மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். அடாப்டரிலேயே ஓடும்.

நம்பிக்கை: தங்க முலாம் பூசிய கேபிளில் படம் தெளிவாக வரும்.

எச்டிஎம்ஐ டிஜிட்டல். இரண்டு மீட்டர் தூரத்துக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் கேபிள் காட்டும் படம்தான் ஆயிரங்கள் கொடுத்த கேபிளிலும் வரும். கேபிள் கெட்டிருந்தால் படம் மங்காது, புள்ளி புள்ளியாகச் சிதறும் அல்லது வராமலே போகும்.

நம்பிக்கை: கரண்ட் பில் எகிறிவிடும்.

கணக்கே போடுவோம். என்100 பெட்டி படம் ஓடும்போது சுமார் 15 வாட் எடுக்கும். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவு. 35 வாட் எடுக்கும் பழைய பெட்டியானாலும் ஆறு யூனிட்டைச் சற்றுத் தாண்டும்.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் இருந்தால் எல்லா ஓடிடியும் 4கே தரத்தில் வரும்.

வராது. திருட்டுக்குப் பயந்து ஓடிடி நிறுவனங்கள் கம்ப்யூட்டர் பிரவுசரில், முக்கியமாக லினக்ஸில், பெரும்பாலும் தரத்தைக் குறைத்தே தருகின்றன. அதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம்.

கடைசியாக, எர்த்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. எர்த் போடும் முறைக்கு ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தரம் உண்டு. குழாய் எர்த் என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டியதும் சுண்ணாம்புப் பாறை தட்டினால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரம்பலூர்க் கரிசல் கோடையில் வெடித்தால் குழாயைச் சுற்றி மண் விலகிவிடும். யாரும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதே இல்லை. நல்ல வயர்மேனை அழைத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸ், நியூட்ரலில் எரிவதுபோல அதே வெளிச்சம் வர வேண்டும். மங்கினால் உங்கள் வீட்டில் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்து, கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மெயின் போர்டில் மாட்டச் சொல்லுங்கள். டிவி போனால் இன்னொன்று வாங்கலாம். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் அம்மாவையும், வெறுங்காலோடு மோட்டார் சுவிட்சைப் போடும் அப்பாவையும் காப்பது அந்த எர்த் குழியும் அந்த ஆர்சிசிபியும்தான். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் அந்த வேலையை முடியுங்கள்.