சாம்பிராணி வேறு, லூபான் வேறு

கேள்வி: ‘ஃபிராங்கின்சென்ஸ்’ எண்ணெய் என்று ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். சாம்பிராணி எண்ணெய்தான் என்றார் கடைக்காரர். திறந்தால் எலுமிச்சைத் தோல் வாசனை அடிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த வாசனையை வைத்துப் பார்த்தால் ஏமாந்ததாகத் தெரியவில்லை அம்மா. குழப்பம் பெயரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நாம் தணலில் தூவும் சாம்பிராணி, சுமத்ரா பக்கத்து ஸ்டைராக்ஸ் மரத்துப் பிசின். வெனிலா போல இனிப்பு வாசம். அரபு வணிகர்கள் அதை ‘லூபான் ஜாவி’, அதாவது ஜாவா லூபான் என்றார்கள். அசல் லூபான் அவர்கள் மண்ணிலேயே விளைந்தது. அதன் எண்ணெய்தான் உங்கள் கையில் இருப்பது. விவிலியத்தில் ஞானிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த தூபவர்க்கமும் அந்த லூபான்தான்.

ஓமானின் தோஃபார், ஏமன், சோமாலியா ஆகிய வறண்ட நிலங்களில் லூபான் தரும் போஸ்வெல்லியா மரங்கள் நிற்கின்றன. பட்டையைச் சிறிதாகச் சீவினால் பால் கசியும். லூபான் என்ற சொல்லுக்கே வெண்மை, பால் என்பதோடு உறவு உண்டு. முதல் கசிவை ஒதுக்கிவிட்டு, அதே இடத்தில் மறுபடி சீவி, சில வாரம் கழித்துக் கெட்டியான மணிகளைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு மணியை வாயில் போட்டால் முதலில் பொடியாக உதிர்ந்து, பிறகு பசையாகத் திரளும். ஓமான்காரர்கள் அதை மெல்லுவார்கள். இரவில் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் குடிப்பார்கள்.

அதற்காக எண்ணெயைக் குடித்துவிடாதீர்கள்! பிசினை நீராவியில் வடிக்கும்போது எளிதில் ஆவியாகிறவைதான் மேலேறும். பெரும்பாலும் பைன் மரத்திலும் இருக்கும் ஆல்ஃபா-பைனீன். கூடவே எலுமிச்சை வாசம் தரும் லிமோனீன். மூட்டுவலிக்கு நல்லது என்று பேசப்படும் போஸ்வெல்லிக் அமிலங்கள் கனமானவை, அடியிலேயே தங்கிவிடும். அந்தப் பலனைச் சொல்லி இந்த எண்ணெயை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறை மணக்க வெந்நீரில் இரண்டு மூன்று துளி போதும். தோலில் தடவுவதென்றால் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ஒரு துளிக்கு மேல் வேண்டாம். நாள்பட்ட எண்ணெய் தோலை எரிக்கும். குப்பியை இறுக மூடி இருட்டில் வையுங்கள்.

பழைய தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வருமே, அந்த வாசனையும் இதற்குள் இருக்கிறது. அதைத் தரும் ஒலிபானிக் அமிலங்களை 2016இல்தான் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். இருப்பது மிகமிகக் கொஞ்சம். ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு, எலுமிச்சை வாசம் பறந்துபோன பின், மாலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள்.