ஏழு தீவுகளின் நகர்

மும்பையின் நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களுள் ஒன்று பாய்துனி. கோயில்களும் பள்ளிவாசல்களும் கடைகளும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மராத்தி மொழியில் அப்பெயருக்குக் கால் கழுவுமிடம் என்பது பொருள். கழுவுதற்கு அங்கே ஆறும் இல்லை, குளமும் இல்லை. முற்காலத்தில் அவ்வழியே ஒரு கடற்கழி ஓடியது. ஓதம் வற்றிய வேளையில் மக்கள் அதனை நடந்து கடந்தனர். கரையேறியதும் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவினர். அதனால் இப்பெயர் வந்தது என்பர். கழி தூர்ந்து தெருவாயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மும்பை தொடக்கத்தில் ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. கொலாபா, சிறிய கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வர்லி, மாஹிம் என ஏழு தீவுகள் அரபிக்கடலில் அடுத்தடுத்துக் கிடந்தன. அவற்றில் வாழ்ந்த மீனவர்கள் கோலி எனப்படுவோர். சங்க நூல்கள் நெய்தல் நிலத்துப் பரதவரைப் பாடுவதை அறிந்த மாணவர்களுக்கு இவர்தம் வாழ்க்கை புதிதாகத் தோன்றாது. ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் முழுநிலா நாளில் கோலியர் கடலுக்குத் தேங்காய் படைத்து வழிபடுவர். அதன் பின்னரே மழைக்கால ஓய்வு முடிந்து படகுகள் மீன்பிடிக்கச் செல்லும். அவர்கள் வழிபடும் மும்பாதேவியின் பெயரே நகரின் பெயராயிற்று. பம்பாய் என்று வழங்கிய நகர் 1995 முதல் மும்பை என்றே அழைக்கப்படுகிறது.

இத்தீவுகளைக் குசராத்துச் சுல்தானிடமிருந்து 1534 இல் போர்த்துக்கீசியர் பெற்றனர். 1661 இல் போர்த்துக்கல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு மணம் பேசியபோது, சீர்வரிசையுள் ஒன்றாக இவை ஆங்கிலேயர் கைக்கு மாறின. மன்னரோ 1668 இல், ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்கு இவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். இன்று அந்நகரில் ஒரு சிறு அறையின் விலையைக் கேட்போர் இச்செய்தியை நம்ப மறுப்பர்.

ஓதம் ஏறும்போதெல்லாம் வர்லிக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்ட திறப்பின் வழியே கடல் உட்புகுந்து தாழ்நிலங்களை மூழ்கடித்தது. ஆளுநர் ஹார்ன்பி காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அத்திறப்பு கற்சுவர் கொண்டு அடைக்கப்பட்டது. பின்னர்க் குன்றுகள் வெட்டப்பட்டன. அக்கல்லும் மண்ணும் கழிகளைத் தூர்த்தன. 1838 இல் கொலாபாவும் சாலையால் இணைந்தது. வடக்கே இருந்த சால்செட் என்னும் பெருந்தீவுக்குச் செல்லும் வழியில் படகு விபத்துகள் மிகுந்திருந்தன. அங்குச் சாலை அமைக்கக் கம்பெனி முன்வரவில்லை. அவாபாய் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சிப் பெண்மணி தம் செல்வத்திலிருந்து 1,57,000 ரூபாய் வழங்கினார். அச்சாலையில் செல்வோரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. மாஹிம் சாலை 1845 இல் திறக்கப்பட்டது. இன்றும் ஊர்திகள் அவ்வழியே செல்கின்றன.

நகரின் தென்முனையில் கோட்டைப் பகுதி உள்ளது. கோட்டைச் சுவர் 1860களில் இடிக்கப்பட்டது. தேவாலயத்தை நோக்கியிருந்த கோட்டை வாயிலின் பெயரால் வழங்கிய சர்ச்கேட், இன்று தொடர்வண்டி நிலையத்தின் பெயராக வாழ்கிறது. உலக மரபுச் சின்னமான சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையமும், கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் வளைந்து செல்லும் மெரின் டிரைவும் இப்பகுதியினவே. 1924 இல் கட்டி முடிக்கப்பட்ட இந்தியாவின் நுழைவாயில், ஆங்கில மன்னரின் வருகையை நினைவுகூர எழுந்தது. 1948 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலேயப் படையின் இறுதிப் பிரிவு அதே வாயிலின் வழியாக வெளியேறியது.

சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். நகரின் உழைப்பைக் காண விரும்புவோர் பரேல், லால்பாக் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். இவற்றுக்குக் கிரண்காவ், அஃதாவது ஆலைகளின் ஊர், என்று பெயர். 1850களில் முதல் பஞ்சாலை தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட்டபோது, இந்தியப் பருத்தியின் விலை உயர்ந்து நகரில் பணம் குவிந்தது. கொங்கணக் கரையிலிருந்து வந்த தொழிலாளர் ‘சால்’ எனப்படும் அடுக்கு வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாழ்வாரம், ஒரு குழாய். 1982 ஜனவரியில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது முடிந்ததாக எவரும் முறைப்படி அறிவிக்கவே இல்லை. ஆலைகளே ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் இப்போது பெரும் வணிக வளாகம் உள்ளது. ஆலையின் புகைபோக்கி மட்டும் புகையின்றி நிற்கிறது.

தமிழருக்கு நெருக்கமான பகுதிகள் இரண்டு. 1896 இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்க அகன்ற தெருக்களும் பூங்காக்களுமாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்டது மாதுங்கா. தட்டச்சும் கணக்கும் கற்று அலுவலகப் பணி தேடி வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932 இல் தொடங்கப்பட்டது. மாதுங்காவிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் தாராவி உள்ளது. கழியோரத்து மீனவர் குப்பமாக இருந்த அவ்விடத்துக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகப் பலர் வந்தனர். சௌராட்டிரத்துக் குயவர்கள் சக்கரத்தோடு வந்தனர். ஒரே மொழி பேசுவோர் அருகருகே இரு வேறு உலகங்களில் வாழ்ந்ததை இங்கே காணலாம். தாராவியைக் குடிசைப்பகுதி என்று மட்டும் சொல்வது குறைவான அறிமுகமாகும். அங்குப் பல வீடுகளில் பட்டறை உண்டு. மாநகராட்சியின் தமிழ்வழி வகுப்புகளும் உண்டு. இப்போது அதனை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டும் திட்டம் நடைபெறுகிறது. பானை சுடும் சூளையை எந்த மாடியில் வைப்பது என்னும் வினாவுக்கு விடை எளிதன்று.

நிருவாகத்தில் மும்பை நகர், மும்பை புறநகர் என இரு மாவட்டங்கள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி நகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 31 லட்சம் பேரும், புறநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 94 லட்சம் பேரும் வாழ்ந்தனர். பாந்த்ரா முதல் தகிசர் வரை விரியும் புறநகரில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், அதனுள் கன்ஹேரி பௌத்தக் குடைவரைகளும் உள்ளன. சிறுத்தைகள் திரியும் காடு ஒன்று மாநகரின் எல்லைக்குள் இருப்பது வியப்பே.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. கரைகள் சுருங்கிப்போன மித்தி ஆற்றால் அந்நீரைத் தாங்க இயலவில்லை. ஓதமும் ஏறியிருந்தமையால் வெள்ளம் வடிய வழியின்றி நகர் மூழ்கியது. பல நூறு பேர் உயிரிழந்தனர். தூர்க்கப்பட்ட கழிகள் இருந்த பள்ளங்களையே மழைநீர் இன்றும் நாடிச் செல்கிறது.

வர்லிக் கடலோரத்தில் கோலியர் குப்பம் இன்னும் உள்ளது. அண்மையில் மெரின் டிரைவிலிருந்து வர்லி வரை கடலோரச் சாலை அமைத்தபோது, படகுகள் கடலுக்குச் செல்லும் வழியில் 60 மீட்டர் இடைவெளியில் பாலத்தூண்கள் திட்டமிடப்பட்டன. காற்றும் அலையும் மிகுந்த நாளில் படகு தூணில் மோதும் என்று மீனவர் எடுத்துரைத்தனர். 160 மீட்டர் வேண்டும் என்றனர். பொறியாளர் முதலில் உடன்படவில்லை. மீனவரும் விடவில்லை. முடிவில் இடைவெளி 120 மீட்டராக ஆக்கப்பட்டது.

சொற்பொருள்
ஓதம் – கடல்நீர் ஏற்றம்
கழி – கடல்நீர் உட்புகும் ஓடை
தூர்த்தல் – மண்ணிட்டு நிரப்புதல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: கடற்கழி, கற்சுவர்.
2. மாஹிம் சாலைக்குப் பொருள் வழங்கியவர் விதித்த நிபந்தனை யாது? அதனால் பயன்பெற்றோர் யாவர்?
3. வர்லி மீனவர் தூண்களின் இடைவெளி குறித்துக் கூறிய காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
4. நீர்நிலையால் பெயர்பெற்ற இடங்கள் உம் ஊரில் உள்ளனவா? பெரியோரிடம் கேட்டு இரண்டினை எழுதுக. அந்நீர்நிலை இப்போது உள்ளதா எனவும் குறிப்பிடுக.